நிலத்தோடு வீடு: பழையதை வாங்குவதா, புதிதாய்க் கட்டுவதா, இருந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பதா?

கிராமத்துப் பக்கம் நிலத்தோடு வீடு பார்க்கப் போனால், கூட்டிப்போகிறவர் முதலில் வீட்டைத்தான் திறந்து காட்டுவார். நீளமான தாழ்வாரம், பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பச்சை. மனசு அங்கேயே பாதி முடிவெடுத்துவிடும். நிலத்தைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். வரப்பில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு சரி.

நானும் என் மனைவியும் முதல் ஒரு வருடம் இப்படித்தான் பார்த்தோம். அப்புறம் வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். முதலில் தண்ணீர், பிறகு பாதை, பிறகு மண், கடைசியில் வீடு. ஓட்டை மாற்றலாம், சுவரை இடித்துக் கட்டலாம். மண்ணைக்கூடத் தழையும் எருவும் போட்டு நாலைந்து வருடத்தில் தேற்றிவிடலாம். அடியில் இல்லாத தண்ணீரை யாராலும் மேலே கொண்டுவர முடியாது. அடுத்தவர் நிலத்தைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும் என்றால், அவர் மனம் மாறுகிற நாளில் வீடும் நிலமும் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வாங்க நினைப்பவர் முன்னால் பொதுவாக நாலு வழி இருக்கிறது. பயிர் நடந்துகொண்டிருக்கும் நிலத்தோடு ஒரு பழைய வீடு. புத்தம் புதிய பண்ணை வீடு, அதைச் சுற்றிப் பேருக்குக் கொஞ்சம் நிலம். வெறும் நிலத்தை வாங்கி நாமே கட்டிக்கொள்வது. இல்லை, எதையும் வாங்காமல் ஒரு வருடம் வாடகைக்கும் குத்தகைக்கும் எடுத்து இருந்து பார்ப்பது. இவற்றை வீட்டின் அழகை வைத்து ஒப்பிட்டால் தப்பாகத்தான் போகும். அந்த நிலத்தின் கோடையைப் பற்றி எந்த வழி நமக்கு அதிகம் சொல்கிறது என்று பார்த்தால், வரிசை தானாகத் தெளியும்.

அதனால் தண்ணீர்க் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதன் மேல் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க 4,047 லிட்டர் வேண்டும். வெயில் காலத்தில், நிலத்தை முழுதாக மூடி வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் அளவுக்கு நீரைக் காற்றில் விடும். வறண்டு காற்றடிக்கும் இடத்தில் இது 7, 8 வரைகூடப் போகும். 5 என்றே வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு நாளொன்றுக்கு 20,000 லிட்டர். வாய்க்காலில் பாய்ச்சினால் பயிருக்குப் போய்ச் சேர்வது சுமார் 60 சதவீதம், சொட்டுநீரில் சுமார் 90 சதவீதம். ஆக வாய்க்காலுக்கு 33,000 லிட்டருக்கு மேல் இறைக்க வேண்டும், சொட்டுநீருக்கு 22,000 லிட்டருக்கு மேல். மோட்டார் நொடிக்கு 1 லிட்டர் தருகிறது என்றால் மணிக்கு 3,600 லிட்டர். சொட்டுநீர் போட்ட ஒரே ஒரு ஏக்கருக்கே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். இளம் மரக்கன்றுகளுக்கு இதில் சிறு பங்கு போதும் என்பது உண்மைதான். ஆனால் மரம் வளர்ந்துவிடும், கிணறு வளராது.

வீட்டுத் தேவை இதன் முன்னால் சின்னது. 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 100 லிட்டர். வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில், ஐந்தில் நாலு பங்கைப் பிடித்தால் 48,000 லிட்டர் கிடைக்கும். குடிக்க, சமைக்க, துவைக்க அது பெரிய உதவி. ஒரு ஏக்கர் பயிருக்கோ இரண்டு நாள் பாசனம்தான். வீட்டுக்குத் தண்ணீர் இருக்கிறது என்று விற்பவர் சொல்வதும், நிலத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்பதும் முற்றிலும் வேறு வேறு என்பது இதிலிருந்தே தெரியும்.

சோதிப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு 20 லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். வாளி நிரம்ப 20 நொடி ஆனால் நொடிக்கு 1 லிட்டர். ஆரம்பத்தில் ஒருமுறை அளந்து, மோட்டாரைத் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி அளக்க வேண்டும். நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது, மறுநாள் காலைக்குள் எவ்வளவு ஏறியது என்று கயிறு விட்டுப் பார்க்க வேண்டும். இதைக் கோடையின் கடைசியில் செய்தால்தான் பலன். மழை முடிந்த கையோடு பார்த்தால் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். நான் ஒரு இடத்தில் பக்கத்து நிலத்துப் பெரியவரிடம், “ஐயா, கோடையில் இந்த போர் எத்தனை மணி நேரம் ஓடும்?” என்று கேட்டேன். “முன்னாடி நாலு மணி நேரம் ஓடும் தம்பி. சுத்தி ரெண்டு போர் போட்டதுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம்தான்” என்றார். விற்பவர் என்னிடம் நாலு மணி நேரம் என்று சொன்னது பொய் இல்லை, பழைய கணக்கு. “தண்ணீர் இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். “எந்த மாதம் மோட்டார் காற்று இழுக்கும்?” என்று கேட்டால்தான் பதில் வரும்.

அளவு சரியாக இருந்தாலும் தரத்தைச் சோதனைக்கூடத்தில் பார்த்தே ஆக வேண்டும். பாசன நீரில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு உப்புத் தொல்லை கடுமையாக இருக்கும் என்பது ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு தரும் அளவுகோல். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்செனிக் 0.01 மில்லிகிராம். உரம் அதிகம் போடும் வயல்களுக்கு நடுவில் இருக்கும் கிணற்றில் நைட்ரேட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதை அது தடுக்கும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், பயிர் நடக்கும் நிலத்தோடு இருக்கும் பழைய வீடுதான் என் கணக்கில் முதலில் நிற்கிறது. அங்கே யாரோ பல கோடைகளைத் தாண்டியிருக்கிறார்கள். அதன் தடயம் எங்கும் இருக்கும். முப்பது வருட மரங்கள் உயிரோடு நிற்கின்றனவா, கடந்த மூன்று கோடையில் என்ன பயிர் நின்றது, எந்தப் பாத்தியைத் தரிசாக விட்டிருக்கிறார்கள், வெள்ளம் வந்த கறை சுவரில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நிலமே சொல்லும். இன்னொரு பெரிய லாபம், அங்கே ஏற்கெனவே ஒரு வீடு சட்டப்படி இருக்கிறது. வேளாண் நிலத்தில் புதிதாகக் கட்ட அனுமதி வாங்குவதைவிட, இருப்பதைப் பழுது பார்ப்பது பல நாடுகளில் எளிது. மின் இணைப்பு, பாதை எல்லாம் கூடவே வரும். நல்ல ஒட்டு மரங்கள் நின்றால் அதுவும் சொத்து. கன்று நட்டு ஒழுங்காகக் காய் பார்க்க 3 முதல் 5 வருடம் ஆகும், அந்தக் காத்திருப்பை வேறொருவர் நமக்காகக் கழித்திருக்கிறார்.

குறைகளும் கனமானவைதான். பழைய வீட்டில் நான் முதலில் பார்ப்பது கூரையையும் அஸ்திவாரத்தையும். இரண்டும் உறுதியாக இருந்தால் மற்றதை நிதானமாகச் செய்துகொள்ளலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசல், மேலே போகப் போக அகலமாகிறது என்றால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நனைந்தால் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களிமண், கரிசல் மண் உள்ள இடத்தில் இது சாதாரணம். உத்தரத்தைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் கரையான் தின்றிருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் நாமே அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் நார் நுரையீரலுக்குள் போனால் வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும், அகற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், அந்தச் செலவைப் பேரத்தின்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

சுண்ணாம்பும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு கெடுக்கப்படுவது அவைதான். அந்தச் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து, மேற்பரப்பு வழியாக வெளியே விட்டுக்கொண்டே பல தலைமுறை நிற்கும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, பூச்சு உப்பி, உள்மண் கரையத் தொடங்கும். விற்பனைக்கு முன் அவசரமாகச் சிமென்ட் பூசி வண்ணம் அடித்த பழைய சுவரைவிட, பூச்சு உதிர்ந்து உள்ளே தெரிகிற சுவரை நான் நம்புவேன். பின்னால் சரிசெய்வதாக இருந்தால் சுண்ணாம்புப் பூச்சே போட வேண்டும்.

கழிவறைக் குழியும் கிணறும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதைப் பழைய வீடுகளில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். 30 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், குழியின் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இல்லையென்றால் குழியை இடம் மாற்றும் வேலை நம் தலையில். மிகப் பழைய பழத்தோட்டமாக இருந்தால் மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் பார்க்கச் சொல்லுங்கள். 1892-இல் அமெரிக்காவில் பூச்சிக்கொல்லியாகப் பயன்படத் தொடங்கிய, ஈயமும் ஆர்செனிக்கும் சேர்ந்த லெட் ஆர்செனேட், டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி வரும்வரை பல நாடுகளின் பழத்தோட்டங்களில் அடிக்கப்பட்டது. அது மண்ணின் மேல் அடுக்கை விட்டு அத்தனை சுலபத்தில் போகாது.

புதிய பண்ணை வீடு பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. வார இறுதியில் வந்து தங்க, நாலு செடி வளர்க்க என்றால் அது வசதி. உடனே குடிபோகலாம், வயரிங் புதிது, குளியலறை புதிது. நிலம் வேண்டும் என்று வருபவருக்கு அது சரிவராது. கட்டும்போதே மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளி, ஜல்லியும் கலவையும் கொட்டி, மேலே அரை அடி புதுமண் பரப்பியிருப்பார்கள். மண்வெட்டியால் இரண்டு அடி தோண்டினால் தெரிந்துவிடும். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத புல்தரையும் செடியும் எந்தக் கோடையையும் பார்த்ததில்லை. அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வரலாறு இல்லை, விலையில் பெரும்பங்கு நாளாக நாளாகத் தேயும் கட்டடத்துக்குப் போகிறது.

வெறும் நிலம் வாங்கிக் கட்டுவதில் ஆசை அதிகம். எனக்கும் அந்த ஆசை இருந்தது. எவ்வளவு நிலம் வேண்டுமோ அவ்வளவு வாங்கலாம், காற்றும் வெளிச்சமும் பார்த்து வீட்டை அமைக்கலாம், மேடான, மண் வளம் குறைந்த மூலையில் கட்டிவிட்டு நல்ல மண் முழுவதையும் பயிருக்கு விடலாம். இந்தக் கடைசி வசதி உண்மையிலேயே பெரிது. ஆனால் தெரியாதவை எல்லாம் இங்கேதான் ஒன்றாகச் சேர்கின்றன. போர் போட்டால் தண்ணீர் வருமா, போர் வண்டியே உள்ளே வருமா, மின்கம்பம் எத்தனை தூரத்தில் இருக்கிறது, வீடு கட்ட விடுவார்களா?

விதிகள் ஒவ்வொரு நாட்டிலும் வேறு மாதிரி. ஜப்பானில் வேளாண் நிலம் கைமாற உள்ளூர் வேளாண் குழுவின் அனுமதி வேண்டும். பெரும்பாலான இடங்களில் வாங்குபவருக்குக் குறைந்தது 5,000 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2023 ஏப்ரலில்தான் போனது. பிரான்சில் கிராமப்புற நிலம் விற்பனைக்கு வந்தால், தகுதியான விவசாயிக்குக் கொடுப்பதற்காக இடையில் புகுந்து வாங்கிக்கொள்ளும் உரிமை சாஃபேர் என்ற அமைப்புக்கு உண்டு. இங்கிலாந்தில் சில பண்ணை வீடுகளில் விவசாயத்திலோ வனத் தொழிலிலோ வேலை செய்பவரும் அவர் குடும்பமும்தான் குடியிருக்கலாம் என்ற நிபந்தனை இருக்கும், விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இந்தியாவில் வெளிநாடுவாழ் இந்தியர் வேளாண் நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ பொது அனுமதியின் கீழ் விலைக்கு வாங்க முடியாது. வெறும் நிலமாக இருந்தால், “வீடு கட்டிக்கொள்ளலாம், எல்லோரும் கட்டுகிறார்கள்” என்ற வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். அனுமதி எழுத்தில் கிடைத்தால்தான் விற்பனை செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாதைக்கும் இதேதான். “எப்போதும் இப்படித்தான் போய்வருகிறோம்” என்பது பாதை உரிமை ஆகாது. பத்திரத்திலும் வரைபடத்திலும் அகலத்தோடு குறித்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தால், தோட்டத்தை வீட்டுக்கு முன்னால் தொடங்குங்கள். முதல் வருடமே தண்ணீரும் வேலியும் போட்டு மரக்கன்று நட்டுவிட்டால், வீடு முடிகிற நேரம் மரங்கள் தோள் உயரம் வந்திருக்கும். ஒரு முழு மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்த பிறகே அஸ்திவாரத்துக்குக் கோடு போட வேண்டும்.

நாலாவது வழியைப் பலரும் வழியாகவே நினைப்பதில்லை. வாடகை கொடுத்துக் காசைக் கரைப்பதா என்று தோன்றும். நிலத்தில் ஒரு வருடம்கூட வாழ்ந்திராதவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். வாங்க நினைக்கிற வட்டாரத்திலேயே ஒரு சின்ன வீட்டை வாடகைக்கும், கால் ஏக்கரைக் குத்தகைக்கும் எடுங்கள். மூன்று மாதத்தில் பல விஷயம் தெரியும். ராத்திரி ஆத்திர அவசரத்துக்கு மருத்துவமனை எவ்வளவு நேரம், பக்கத்து வயலில் மருந்து அடித்தால் காற்று எந்தப் பக்கம் வருகிறது, மழையில் பாதை எத்தனை நாள் சேறு, வேலைக்கு ஆள் கிடைக்கிறார்களா, முக்கியமாக, உங்கள் உடம்பு எவ்வளவு நிலத்தைத் தாங்கும் என்பது. ஐந்து ஏக்கர் கனவோடு வந்து, கால் ஏக்கர் காய்கறிக்கே விடிகாலையும் சாயங்காலமும் போய்விடுவதைப் பார்த்து மனசை மாற்றிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அது தோல்வி இல்லை, வாங்குவதற்கு முன் தெரிந்தது பெரிய ஆதாயம். குறை என்றால், குத்தகை நிலத்தில் மரம் நட முடியாது, அடுத்த வருடம் யார் கையிலோ போகும் மண்ணுக்கு எரு போடக் கை வராது. அதனால் ஒரு வருடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

எது கைக்கு வந்தாலும் விலையை மட்டும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அதே பகுதியில் வீடில்லாத, அதே மாதிரித் தண்ணீர் உள்ள நிலம் என்ன விலை என்று விசாரித்து, கேட்கும் மொத்தத்தில் அதைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் வீட்டின் விலை. அதோடு பழுதுச் செலவைக் கூட்டினால், அதே அளவு வீட்டைப் புதிதாகக் கட்டும் செலவைத் தாண்டுகிறதா என்று தெரியும். தாண்டினால் பேசிக் குறைக்கலாம், இல்லை நகர்ந்துவிடலாம். கடன் வாங்குவதாக இருந்தால் வங்கியும் வீட்டையும் வேளாண் நிலத்தையும் ஒரே கண்ணால் பார்க்காமல் போகலாம், எதற்கு எவ்வளவு தருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணைச் சோதிப்பது செலவு குறைந்த வேலை. 10, 15 இடத்தில் ஒரு சாண் ஆழம் எடுத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ ஆய்வுக்கு அனுப்பலாம். கார அமில நிலை (pH) 6-க்கும் 7.5-க்கும் நடுவில் இருந்தால் பெரும்பாலான பயிருக்கு நல்லது. மரம் வைக்க நினைக்கும் இடத்தில் மூன்றடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, மறுநாளும் அப்படியே நின்றால் அந்த இடத்தில் வேர் மூச்சுவிடத் திணறும்.

நாங்கள் ஒரு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, நடந்து போகிற தூரத்தில் ஒன்றரை ஏக்கரோடு ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கினோம். கோடைக் கடைசியில் அந்தக் கிணறு நாலு மணி நேரம் நிற்காமல் ஓடியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். அந்த நாலு மணி நேரத்துக்கு ஏற்ற மாதிரி அரை ஏக்கரில் மட்டும் பயிர் வைத்து, மீதியில் மானாவாரி மரங்கள் நட்டிருக்கிறோம். வீட்டின் பின்சுவர் இன்னும் பூசவில்லை, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் அடுத்த மாதம் வருகிறேன் என்றிருக்கிறார்.